கொத்து அரிசியும் மேன்முறையீட்டுப் படிவமும்

1953 ஜூலையில் இலங்கையில் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஒரே அறிவிப்பில் ஏறத்தாழ மூன்று மடங்கு. கூடவே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த இலவச மதிய உணவு நின்றது. சீனி விலை ஏறியது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. இந்த வரவு செலவுத் திட்டத்துக்குப் பொறுப்பான நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன. பிரதமர் டட்லி சேனநாயக்க, அரிசி 25 சதத்துக்கே கிடைக்கும் என்று உறுதியளித்து முந்தைய ஆண்டு மே மாதத் தேர்தலில் வென்றவர். ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் இறங்கியது.

தென்மேற்குக் கரையோரத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. மரங்களை வெட்டி வீதிகளின் குறுக்கே போட்டார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூடியது. அவசரகால நிலை பிரகடனமானது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தோர் தொகை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. பத்துப் பேரளவில் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. அக்டோபரில் டட்லி உடல்நலக் குறைவோடு பதவி விலகினார். அவரிடத்துக்கு வந்த சர் ஜோன் கொத்தலாவல விலையை 55 சதத்துக்கு இறக்கினார்; ஜயவர்தன நிதியமைச்சிலிருந்து விவசாய, உணவு அமைச்சுக்கு மாறினார். 1956 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு எஞ்சியவை எட்டு இடங்கள்.

சுதந்திர இலங்கையில் அரசாங்கச் சிக்கனத்தை எதிர்த்து நடந்த முதல் பெரும் மோதல் இது. அதன் பிறகு கடந்த எழுபது ஆண்டுகளில் மானிய வெட்டுகள் பல வந்தன; வரிகள் ஏறின, இறங்கின; சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்படிக்கைகள் பல கைச்சாத்தாயின. ஆனால் வெட்டு விழுந்த சில வாரங்களிலேயே எல்லோரும் ஒன்றாக எழுந்த இன்னொரு ஆகஸ்ட் 12 வரவில்லை. 2022இல் மக்கள் எழுந்தது உண்மை; அது எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் இல்லாமற்போனதால் எழுந்த எழுச்சி. அதற்குப் பின் வந்த வெட்டுகளுக்கு அப்படியோர் எதிர்ப்பு எழவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மக்கள் சகித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. வெட்டும் முறை மாறிவிட்டது. வெட்டு யார் மேல் விழுகிறது என்பதை மக்கள் காணாதபடி வெட்ட அரசு கற்றுக்கொண்டது.

கூப்பன் போர்க்காலத்துப் பிள்ளை. 1942இல் யப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரசு அரிசியைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. போர் முடிந்தும் பங்கீடு நீடித்தது. கொத்து என்பது ஏறத்தாழ இரண்டு இறாத்தல். கூப்பன் புத்தகம் எல்லோரிடமும் இருந்தது: கொழும்பு கறுவாத்தோட்டத்து வழக்கறிஞரிடமும், வன்னியில் வயல் செய்தவரிடமும், ஹட்டன் தேயிலைத் தோட்ட லயத்தில் இருந்த கொழுந்து பறிப்பவரிடமும். கடைசியாகச் சொன்னவரைப் பற்றி ஒரு சொல். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்துவிட்டன. 1952இல் அவர்களில் பெரும்பாலோரால் வாக்களிக்க முடியவில்லை. இருந்தும் கூப்பன் அரிசி அவர்களுக்குக் கிடைத்தது. நாடு அவர்களை மனிதராக எண்ணிய மிகச் சில பதிவேடுகளில் பங்கீட்டுப் பதிவேடும் ஒன்று.

விலை எல்லோருக்கும் ஒன்று என்பதால் விலையேற்றமும் எல்லோருக்கும் ஒன்று. 45 சதம் கூடியது என்பதைப் புரிந்துகொள்ளப் பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை. தன் வீட்டுக்கு வந்த அடிதான் பக்கத்து வீட்டுக்கும் வந்தது என்று அறிய ஆய்வு தேவையில்லை. லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும், தனிக்கட்சி கண்ட பிலிப் குணவர்தனவும், கம்யூனிஸ்ட் கட்சியும் ஹர்த்தாலுக்கு அழைத்தபோது சிங்களக் கிராமங்கள் எழுந்தன. தமிழரசுக் கட்சி ஆதரவு கொடுத்தது. அதன் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அப்போது நாடாளுமன்றத்தில் இல்லை; முந்தைய ஆண்டு காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றிருந்தார். விலையை ஏற்றிய அமைச்சரவையிலோ ஜி. ஜி. பொன்னம்பலம் இருந்தார். அரிசியின் பேரில் நாடு பிரிந்த கோடு சிங்களவர், தமிழர் என்ற கோடாக இருக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1956இல், தனிச் சிங்களச் சட்டம் வந்து அந்தக் கோட்டை அழித்து வேறொன்றைப் போட்டது. அந்த இழப்பை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஜயவர்தனவின் கணக்கைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கொரியப் போர் காலத்தில் உச்சத்துக்குப் போன றப்பர் விலை 1952இல் சரிந்தது. அரிசியின் உலகச் சந்தை விலையோ ஏறி நின்றது. விற்பதன் விலை விழ, வாங்குவதன் விலை ஏற, அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. உணவு மானியத்தைக் குறைக்கும்படி உலக வங்கியின் தூதுக்குழுவும் சொல்லியிருந்தது. 1952 டிசம்பரில் சீனாவோடு றப்பருக்கு அரிசி என்ற ஒப்பந்தம் கைச்சாத்தானது இந்த நெருக்கடியில்தான். அமெரிக்காவின் அதிருப்தியைப் பொருட்படுத்தாமல் ஒரு வலதுசாரி அரசாங்கம் கம்யூனிஸ்ட் நாட்டோடு வியாபாரம் செய்தது என்றால் தேவை எத்தகையது என்பதை ஊகிக்கலாம். பணம் குறைந்தது உண்மை. குறைந்த பணத்தை எங்கிருந்து மீட்பது என்பதில்தான் அரசியல் இருந்தது. முதலில் சோற்றுத் தட்டில் கைவைப்பது என்று கொழும்பு முடிவெடுத்தது.

ஹர்த்தால் அரசியல்வாதிகளுக்கு ஓர் அச்சத்தை விட்டுச்சென்றது. 1962இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டில் அரைக் கொத்தைக் குறைக்க முயன்றார், சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்தார்கள், நிதியமைச்சைத் துறந்தார். 1966இல் மீண்டும் பிரதமராக இருந்த டட்லி கைகாரத்தனமாக ஒரு வழி கண்டார்: 25 சத விலையில் கிடைத்த இரண்டு கொத்தை ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசமாக்கினார். அளவு பாதியானது, விலை இல்லாமற்போனது. இழப்பா ஆதாயமா என்று விவாதம் குழம்பியது. குழம்பினாலும் மக்கள் மறக்கவில்லை. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வென்றது. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று மேடைகளில் பேசியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. இரண்டாவது கொத்து வந்தது, 75 சத விலைக்கு.

அந்த அரசாங்கத்தின் நிதியமைச்சர் என். எம். பெரேரா. பதினேழு ஆண்டுகளுக்கு முன் அரிசி விலைக்கு எதிராக நாட்டை நிறுத்தியவரின் கையில் இப்போது கஜானாத் திறப்பு. 1973இல் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை மா, சீனி, எண்ணெய் என்று எல்லாமே ஒன்றாக ஏறின. இலவசப் பங்கீட்டை அவரே குறைக்க வேண்டியதாயிற்று. பாண் வாங்க விடியற்காலையில் வரிசை. சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு. வழியில் சோதனைத் தடைகள். பெரேராவைத் துரோகி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. இறக்குமதியை நம்பி உண்ணும் சிறு தீவின் நிதியமைச்சர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் ஒரே சுவரில்தான் முட்டுவார் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. சுவரில் முட்டும்போது யாரை முன்னால் தள்ளுகிறார் என்பதே அவரிடம் நாம் கேட்க வேண்டியது.

1973, 1974இல் முன்னால் தள்ளப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலாவது, பலா மரமாவது, உறவினர் வீடாவது இருந்தது. தோட்டத்தில் லயம் கம்பனிக்குச் சொந்தம், நிலம் கம்பனிக்குச் சொந்தம், சாப்பாடு முழுக்கக் கடையிலும் பங்கீட்டிலும். பங்கீடு குறைந்து, வெளிச் சந்தையில் அரிசி எட்டாத விலைக்குப் போய், தேயிலை மலைகளில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1974இல் நாடு முழுவதும் இறப்பு வீதம் ஏறியது. தோட்டப்புறத்தில் ஏறியது மிகக் கூர்மையாக. வாக்கில்லாதவர் பசித்தால் எந்த அமைச்சரும் பதவி விலகுவதில்லை. அதே ஆண்டுகளில் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது, விவசாயிகள் கல்வீடு கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிக்கனக் காலம் எல்லோரையும் ஒரே மாதிரி வாட்டியதில்லை. தமிழர்களுக்குள்ளேயே இரண்டு கதை.

1977இல் 168 இடங்களில் 140ஐ வென்று ஜயவர்தன வந்தார். வாரத்துக்கு ஆளுக்கு எட்டு இறாத்தல் தானியம் என்பது அவருடைய கட்சியின் வாக்குறுதி. 1953இல் ஒரே இரவில் செய்து தோற்றதை இம்முறை படிப்படியாகச் செய்தார். 1978 தொடக்கத்தில், மாதம் 300 ரூபாவுக்கு மேல் வருமானமுள்ள குடும்பங்கள் பங்கீட்டிலிருந்து நீக்கப்பட்டன. சனத்தொகையில் ஏறத்தாழப் பாதி வெளியே போனது. வசதியுள்ளவருக்கு எதற்கு இலவச அரிசி என்ற வாதத்துக்கு எதிர்வாதம் சொல்வது கடினம். 1979 செப்டம்பரில் எஞ்சியவர்களின் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அரிசிக்கு உரிமை என்றிருந்தது இத்தனை ரூபாவுக்கு உரிமை என்றானது. பிறகு அரசு எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. முத்திரையின் பெறுமதி அப்படியே நின்றது, விலைவாசி ஏறியது. சில ஆண்டுகளில் முத்திரையால் வாங்கக்கூடிய உணவு பாதியளவுக்கு வந்துவிட்டது.

இதுவே இரண்டு வெட்டுகளுக்கும் உள்ள வேறுபாடு. 1953இல் வெட்டுக்கு ஒரு திகதி இருந்தது, ஒரு விலை இருந்தது, ஓர் அமைச்சரின் பெயர் இருந்தது. 1979க்குப் பிறகு வெட்டியது பணவீக்கம். யாரும் கையெழுத்திடவில்லை. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை. எந்தத் திகதியில் ஹர்த்தால் செய்வது? பாதிப் பேர் முன்பே வெளியே அனுப்பப்பட்டுவிட்டதால் யாரோடு சேர்ந்து செய்வது? 1980 ஜூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஏறத்தாழ 40,000 பேரை அரசு வேலையிலிருந்து விலக்கியது. அந்தக் குடும்பங்கள் பட்டபாடு தனிக் கதை. தோட்டத் தொழிலாளரோ முத்திரைத் திட்டத்துக்குள் பெரும்பாலும் வரவேயில்லை: அவர்களுடைய கூலி செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்ததால் குடும்ப வருமானம் எல்லையைத் தாண்டியதாகக் கணக்கானது. வருமானத்தை மறைக்க முடியாதவர் ஏழை இல்லை என்று முடிவானது.

அரசு மிச்சம் பிடித்தது எவ்வளவு? நெவில் எதிரிசிங்க 1987இல் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்துக்காக எழுதிய ஆய்வறிக்கை இதை விரிவாகப் பார்க்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதியில் அரசுச் செலவில் 15 சதவீதமளவு உணவு மானியத்துக்குப் போனது. 1984இல் அது 3 சதவீதமளவு. அதே காலத்தில் அடிமட்டத்து ஐந்திலொரு பங்கினர் உண்ட கலோரியின் அளவு இறங்கியது. பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. வளர்ச்சியும் மெலிவும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில்.

அறிஞர்களுக்குள்ளும் இதில் கடும் வழக்கு இருந்தது. குறைந்த வருமானமுள்ள ஒரு நாடு, அரிசிப் பங்கீட்டாலும் இலவசக் கல்வியாலும் இலவச மருத்துவத்தாலும், தன்னைவிடப் பன்மடங்கு பணக்கார நாடுகளின் ஆயுட்காலத்தை எட்டலாம் என்பதற்கு இலங்கையைச் சான்றாகக் காட்டினார் அமர்த்தியா சென். சுர்ஜித் பல்லா மறுத்தார்: இலங்கை முன்பே நல்ல நிலையில்தான் தொடங்கியது, பெருஞ்செலவு செய்த ஆண்டுகளில் முன்னேற்றத்தின் வேகம் அப்படியொன்றும் அதிகமில்லை, அந்தப் பணத்தை வளர்ச்சியில் போட்டிருந்தால் பலன் கூடியிருக்கும் என்றார். புள்ளிவிவரப் போர் பல ஆண்டுகள் நடந்தது. நான் சென்னின் பக்கம் சாய்கிறேன். 1942லிருந்தே பங்கீடு இருந்தது, 1945லிருந்து இலவசக் கல்வி இருந்தது. பல்லா காட்டும் அந்த நல்ல தொடக்கமே பொதுச் செலவின் விளைச்சல். ஆயினும் அவர் கேட்ட கேள்வியைத் தவிர்க்க முடியாது. உற்பத்தி பெருகாமல் பங்கீடு மட்டும் நிலைக்காது என்பதை 1973 காட்டிவிட்டது.

முத்திரைக்குப் பின் வந்த வறுமை நிவாரணத் திட்டங்கள், 1989இல் பிரேமதாசவின் ஜனசவிய, 1990களின் நடுவில் சந்திரிகா அரசின் சமுர்த்தி. பெயரும் நிறமும் மாறின. சமுர்த்திப் பட்டியலில் பெயர் ஏறக் கட்சிக்காரரின் தயவு வேண்டும் என்பது ஊரறிந்த உண்மை. உலக வங்கிக்காக எலீனா கிளின்ஸ்காயா செய்த ஆய்வு, அடிமட்டத்து ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் விடுபட்டிருந்ததையும் நிதியில் பெரும்பகுதி அவ்வளவு ஏழைகளல்லாதவருக்குப் போனதையும் காட்டியது. ஏழையைத் தேடிக் கொடுப்பதே சிக்கனம் என்போர் இந்த எண்ணைச் சுட்டி, தேடும் முறையைத் திருத்த வேண்டும் என்பார்கள். அதே எண்ணைக் கொண்டு, தேடுவதே பிழை என்றும் வாதிடலாம்.

இனி வரிக்கு வருவோம். உணவு மானியத்தைப் பற்றி இவ்வளவு சண்டை நடந்த நாட்டில் வரிச்சலுகையைப் பற்றி ஏறக்குறைய சண்டையே நடக்கவில்லை. பங்கீடு பாதியான 1978லேயே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. வருவோருக்குப் பல ஆண்டு வரிவிலக்கு. வேலைவாய்ப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் விலக்கு கொடுப்பது அப்போதிலிருந்து ஆட்சியின் பழக்கமானது. 1990களின் தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 20 சதவீதமளவில் இருந்த அரச வருமானம் 2014இல் 12 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. போரின் செலவும் அந்த ஆண்டுகளில்தான். இடைவெளியைக் கடன் நிரப்பியது. மானியம் வெட்டப்படும்போது இழப்பவர் கையில் கூப்பன் இருந்தது. வரிவிலக்கு கொடுக்கப்படும்போது இழக்கும் பொதுமகனின் கையில் எதுவும் இல்லை.

2019 டிசம்பரில் நடந்ததே இதன் உச்சம். கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் வந்த சில நாட்களில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. அந்த வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய வியாபாரத்தின் எல்லை ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடிக்கு உயர்ந்தது. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்ட வரி கட்டாயமில்லை என்றானது. வீதியில் எவரும் இறங்கவில்லை. வரி குறைவதை எதிர்த்து யார் இறங்குவார்? 2019இல் உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேலிருந்த வருமானம் 2021இல் 9 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. கொவிட் பெருந்தொற்றும் அடித்தது. ஆனால் வெட்டு அதற்கு முந்தியது. சர்வதேசக் கடன் சந்தையின் கதவு மூடியது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் என்று ராஜபக்ஷ சகோதரர்களையும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களையும் வேறு சில உயர் அதிகாரிகளையும் குறிப்பிட்டுத் தீர்ப்பளித்தது. அந்த வரிக்குறைப்பும் காரணங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. எனக்குத் தெரிந்தவரை, வரிச்சலுகை கொடுத்ததைப் பொதுமக்களுக்கு இழைத்த தீங்காக இந்நாட்டு நீதிமன்றம் இவ்வளவு வெளிப்படையாகப் பார்த்தது இதற்கு முன் இல்லை.

மீட்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்க்கலாம். 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெறுமதி சேர் வரி 8இலிருந்து 12, 15, கடைசியில் 2024 ஜனவரி 1இலிருந்து 18 சதவீதம்; சமையல் எரிவாயுவும் எரிபொருளும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறியது. மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைத்தவருக்கு 6 முதல் 36 சதவீதம்வரை வருமான வரி. மருத்துவர், விரிவுரையாளர், வங்கி ஊழியர், துறைமுகத் தொழிலாளர் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு வலித்தது உண்மை. வட்டியும் விலையும் ஏறிய காலத்தில் வீட்டுக் கடன் கட்டியவர் அவர்கள், பலர் நாட்டைவிட்டே போனார்கள். இருந்தாலும் இந்தச் சுமைகளில் நியாயத்துக்கு மிக அருகில் இருந்தது அந்த வருமான வரிதான். குரல் உள்ளவர்கள் அதை எதிர்த்தார்கள். 2025இல் அதன் எல்லை மாதம் ஒன்றரை இலட்சமாக உயர்த்தப்பட்டது. பெறுமதி சேர் வரியின் 18 சதவீதம் அப்படியே நிற்கிறது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நடந்தது இதைவிடப் பெரிய அநீதி என்பது என் கருத்து. 2023 ஜூலை தொடக்கத்தில் நாடாளுமன்றம் ஏற்ற திட்டத்தில் வங்கிகளின் கைவசமிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் வைப்பாளர்கள் பதறுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். தொடப்பட்டது ஊழியர் சேமலாப நிதியம். பழைய முறிகளைக் கொடுத்து, 2025வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளைப் பெற வேண்டும். மறுத்தால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீத வரி. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் தங்கள் முதுமைக்கென்று விட்டுவைத்த பணம் அது. அவர்களுக்கு நேர்ந்த இழப்பு, பல ஆண்டுகள் கழித்துக் கணக்கை எடுக்கும் நாளில் வராமற்போகும் தொகை. கையில் காட்ட ஒரு கொத்தும் இல்லை, வாசிக்க ஒரு விலைப்பலகையும் இல்லை. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, வழக்குக்குப் போயின, ஊர் எழவில்லை.

அதே ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. 22 சுட்டிகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போடப்பட்டது: கல்வி, உடல்நலம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு. மின்சாரம் எத்தனை அலகு எரிகிறது என்பதுகூடக் கணக்கில் சேர்ந்தது. மிக ஏழை என்று நான்கு இலட்சம் குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபா, ஏழை என்று எட்டு இலட்சத்துக்கு 8,500, அதற்கு மேல் இரு படிகளில் எட்டு இலட்சத்துக்கு 5,000மும் 2,500மும், அதுவும் குறித்த காலத்துக்கு. கட்சிக்காரரின் தயவைவிடப் புள்ளி மேல் என்று நம்பியவர்களில் நல்லெண்ணம் உள்ளோர் பலர். முதற் பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்து விழுந்தன. உலக வங்கியின் கணிப்பில் 2019இல் 11 சதவீதமளவில் இருந்த வறுமை 2023இல் 26 சதவீதத்தை நெருங்கிவிட்டது. நாலில் ஒருவர் ஏழையான நாட்டில் ஏழையைப் பொறுக்கி எடுப்பது என்பது, வெள்ளம் வந்த ஊரில் எந்த வீட்டுக்குப் படகு அனுப்புவது என்று வாசற்படியின் உயரத்தை அளந்துகொண்டிருப்பது போன்றது.

பிரதேச செயலகங்களின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தின் உள்ளிருந்த வருத்தம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அவளுக்குக் கிடைத்தது, எனக்கு ஏன் இல்லை? கல்வீட்டுக்காரருக்கு எப்படிக் கிடைத்தது? அயலவருக்கு எதிராக ஆட்சேபம் எழுதவும் சட்டத்தில் இடம் இருந்தது. பல ஆயிரம் பேர் எழுதினார்கள். 1953இல் அமைச்சரைப் பார்த்துக் கேட்ட கேள்வியை 2023இல் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கேட்கும்படி ஆகிவிட்டது. ஒன்பது இலட்சம் மேன்முறையீடு என்பது ஒன்பது இலட்சம் தனித்தனிக் கோபம். ஒவ்வொருவரும் தன் வறுமையைத் தானே நிரூபிக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்ற அரசியல் பொருளியலாளர்கள், கூட்டுறவுச் சங்கங்களையும் பொது விநியோகத்தையும் மீட்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதிவருகிறார்கள். சங்கக்கடையில் எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கொடுக்கும் முறைக்குப் பணம் எங்கே என்று உடனே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வசதியுள்ளவருக்கும் போய்ச் சேரும் அரிசி வீண்செலவு என்பதற்கு ஒரு பழைய பதில் உண்டு: கொடுக்கும்போது எல்லோருக்கும் கொடு, வரியாக வாங்கும்போது உள்ளவரிடம் கூட வாங்கு. அந்தப் பதிலின் இரண்டாம் பாதியை இலங்கை ஒருபோதும் முழுமையாகச் செய்து பார்த்ததில்லை.

நாணய நிதியத்தின் திட்டத்தில் சமூக உதவிக்கு வைத்த அடித்தளம் உள்நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம். 2023இல் அரசு திரட்டிய வருமானத்தில் 80 சதவீதமளவு வட்டிக்குப் போனது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாருடைய உரிமை முதலில் மதிக்கப்படுகிறது என்பதில் ஐயமிருக்காது. கடனை மறுப்பது எளிது என்று நான் சொல்லவில்லை; மருந்தும் எரிபொருளும் இறக்குமதி செய்யும் நாடு கடன்காரரோடு ஒரேயடியாக முறித்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே திட்டத்துக்குள்ளேயே செல்வந்தர் மேல் சுமையை வைக்கும் கடப்பாடுகளும் இருந்தன. சொத்திலிருந்து வரக்கூடிய வாடகையைக் கணக்கிட்டு வரி விதிப்பது அவற்றில் ஒன்று. 2025 ஏப்ரலில் வர வேண்டியது. எந்தெந்த நிறுவனங்களுக்கு எவ்வளவு வரிவிலக்கு கொடுக்கப்படுகிறது, சொகுசு வாகன இறக்குமதியில் யாருக்கு விலக்கு என்ற விவரங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் வெளியிடுவது இன்னொன்று.

இந்த இரண்டாவது கடப்பாட்டை நாட்டின் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் இதுவரை தங்கள் கோரிக்கைகளின் தலையில் வைக்கவில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. வரிவிலக்கும் ஒரு மானியம்தான்; அதற்கும் ஒரு தொகை உண்டு, பெறுபவர் உண்டு, கொடுத்த அமைச்சர் உண்டு. 70 சதம் என்ற எண் ஊருக்குத் தெரிந்ததால்தான் 1953இல் ஊரால் பேச முடிந்தது. அஸ்வெசும பெறுபவரின் பெயர்ப் பட்டியல் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டப்படுகிறது. விலக்குப் பெறும் நிறுவனங்களின் பட்டியலும் தொகையோடு, மூன்று மொழியிலும், அதே சுவருக்கு வரவேண்டும். 18 சதவீதப் பெறுமதி சேர் வரி குறித்த நாளில், 2024 ஜனவரி 1ஆம் திகதி, ஒரு நாளும் பிந்தாமல் வந்தது. 2025 ஏப்ரலில் வரவேண்டிய சொத்தின் வாடகை வரி அந்த ஏப்ரலில் வரவில்லை.